குடிசனக் கணக்கில் ஒரு மாமி

பிறருடைய பாட்டன் பூட்டன்மாரைத் தேடிக் கொடுப்பது, வாசகர்களே, இறந்தவர்களால் ஒரு தொந்தரவும் இல்லாத, உயிரோடு இருப்பவர்களால் மட்டுமே தலையிடி வருகிற தொழில். உங்களில் யாராவது பழைய பதிவேடுகளோடு மாரடித்திருந்தால், கறையான் தின்ற பக்கத்தைப் பார்த்து வயிறெரிந்திருந்தால், கிட்ட வந்து குந்துங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

கொக்குவிலில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஸ்கானரும் வைத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்க்கிறேன். முன்னர் நூலகமொன்றில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருந்திருக்கலாம், இருக்க மாட்டாமல் இதில் இறங்கினேன். பிறப்பு இறப்புப் பதிவு, காணி உறுதி, வாக்காளர் இடாப்பு எல்லாம் பார்ப்பேன். ஆனாலும் எனக்குப் பிடித்தது குடிசனக் கணக்குத்தான். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் விதானையார் என்று ஓர் அரசாங்கத் தலைமைக்காரர் இருந்தார். அரசாங்கத்துக்காக வீடு வீடாகப் போய்ச் சனத்தை எண்ணும்போது, சில விதானைமார் தங்கள் கைக்கென்றும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டார்கள். சண்டையில் எரிந்தது போக, இடப்பெயர்வில் தொலைந்தது போக, அவற்றில் சில இன்னமும் சில வீட்டுப் பெட்டகங்களில் கிடக்கின்றன.

எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியாக வரும். இரத்த அழுத்தம் என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு என் வாடிக்கையாளர்களைத் தெரியாது.

லண்டனில் பேர் போட்டிருக்கிறதாம்

லண்டனில் இருந்து ஒருவர் வந்தார். அரைக் காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர்ப் போத்தல். அங்கே பழைய குடிசனக் கணக்கையெல்லாம் கணினியில் தட்டினால் ஆளின் பேர், வயது, தொழில், வீட்டில் சமைத்த வேலைக்காரியின் பேர் உட்பட எல்லாம் வந்து விழுமாம். இங்கே ஏன் அப்படி இல்லை என்று என்னை ஏதோ குற்றவாளி போல விசாரித்தார். இங்கே வெள்ளைக்காரன் அச்சடித்த புத்தகங்களில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், இந்த ஊரில் ஆண்கள் இவ்வளவு, பெண்கள் இவ்வளவு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு, பேர் இருக்காது என்று பொறுமையாகச் சொன்னேன். அவருடைய ஊர் விதானையார் எழுதிய பிரதி எதுவும் மிஞ்சவில்லை என்றும் சொன்னேன். நம்பவில்லை. அவருடைய அப்பப்பாவை நான்தான் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன் என்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

எனக்கு ஏறிவிட்டது. அச்சுப் புத்தகத்தின் நகலை எடுத்து, அவருடைய ஊருக்கு நேரே ஆண்கள் என்ற இடத்தில் இருந்த எண்ணில் விரலை வைத்து, "உங்கடை அப்பப்பா இதுக்குள்ளைதான் இருக்கிறார், வடிவாய்ப் பாருங்கோ" என்றேன். கோபித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். என் விரலையும் எண்ணையும் சேர்த்து ஒரு படமும் எடுத்தார். பிறகு கேட்டார்: "அப்ப உந்த நம்பருக்குள்ளை எங்கடை அப்பப்பா எத்தினையாவது ஆள் எண்டாவது சொல்லுங்கோவன்."

மூன்று பிள்ளைகள்தான்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு நினைவு மலரும் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம். இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் மடித்து வைத்த பெரிய தாளில் வம்சாவளி. அந்த வம்சாவளிதான் எனக்குச் சோறு போடுகிறது. இணுவிலைச் சேர்ந்த கனகலிங்கம் என்பவர் ரொறன்ரோவில் காலமானார். மகன் ரவீந்திரன் கிரியைகளை அங்கே செய்கிறார், ஊர் வீட்டிலும் அதே நாளில் சாப்பாடு கொடுத்துக் கல்வெட்டு வெளியிட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அழைத்துச் சொன்னார். அவருடைய அப்பப்பாவுக்கு மூன்று பிள்ளைகள், அதில் இரண்டாவது தன் அப்பா என்று பேர்களையும் அனுப்பினார். எழுதிக்கொண்டேன்.

அந்த வாரமே வட்டுக்கோட்டையிலிருந்து வசந்தா என்றொரு பெண், வம்சாவளி என் கையில் என்று கேள்விப்பட்டு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வந்தவள் கதிரையில் உட்காரவில்லை. கனகலிங்கத்துக்கு ஒரு மூத்த அக்கா உண்டு, பேர் அன்னலட்சுமி, அது தன் அம்மா என்றாள். அன்னலட்சுமி இளம் வயதில் சைக்கிள் திருத்துகிற ஒருவரை விரும்பி அவரோடு போய்விட்டார். அவர் இவர்களுடைய 'பகுதி' இல்லை. சாதி என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக் கூசும், பகுதி என்று சொல்லக் கூசாது. மகள் போன அன்று தகப்பன், தாய், தம்பிமார், தங்கை எல்லோரும் செத்தவீட்டுக்குச் செய்வதுபோலக் கிணற்றடியில் நின்று தலைமுழுகினார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் மூன்று என்பதுதான் பதில்.

ஒரு பெண்ணைப் பெற்று, பேர் வைத்து, பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, பிறகு பெறவேயில்லை என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? வசந்தா அழவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா உயிரோடைதான் இருக்கிறா அக்கா. தம்பி செத்த அறிவித்தலைப் பேப்பரிலை பாத்தவ. சகோதரங்கள் எண்டு எல்லாற்றை பேரும் இருந்தது, அவவின்ரை இல்லை. கண்மூடுறதுக்கு முன்னம் கல்வெட்டிலையாவது தன்ரை பேரைப் பாக்கவேணுமாம்."

ஊரின் மானம்

ரவீந்திரனைக் கேட்டேன். பதில் பணிவாகத்தான் வந்தது: "ஆதாரம் இருந்தால் போடுவம் அக்கா." ஆதாரம் இராது என்ற தைரியம் அது. அன்னலட்சுமியின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் போய்விட்டது. நகல் எடுக்கலாமென்றால் அந்த ஆண்டுப் பதிவேட்டையே காணவில்லை. மிஞ்சியது இணுவில் விதானையார் எழுதிய குடிசனக் கணக்கு. அது அவருடைய மருமகன் வீட்டில் இருந்தது. மருமகன் ஓய்வு பெற்ற தபாலதிபர், வயது போனவர்.

தேத்தண்ணி தந்தார். நான் யார், என் தகப்பன் யார், தாய் எந்த ஊர் என்று அரைவாசி நேரம் என்னையே கணக்கெடுத்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் கணக்குத் தாள்களின் கட்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். நான் படம் எடுக்கும்போது அந்த அம்மா பக்கத்தில் நின்று, ஒரு தடவைக்கு ஒருசில வரிகளை மட்டும் விட்டுவிட்டு மேலேயும் கீழேயும் பழைய பேப்பரால் மூடிப் பிடித்தார். எந்த வீடு எந்தப் பக்கத்தில் என்று தெரியாமல் அப்படியே ஒவ்வொரு பக்கமாக எடுக்க வேண்டியிருந்தது. பேப்பர் அடிக்கடி நழுவியது, நானும் அடிக்கடி பார்த்தேன். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். தபாலதிபர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆர் ஆற்றை வீட்டிலை இருந்தது எண்டெல்லாம் உதுக்குள்ளை கிடக்கு பிள்ளை. கறையான் தின்னட்டும் எண்டுதான் விட்டு வைச்சிருக்கிறம்."

அன்றிரவு படுத்த வீடு

பேப்பர் நழுவியபோது அகப்பட்டவர் இன்னொரு வாடிக்கையாளரின் பாட்டன். அந்த வாடிக்கையாளர் கொக்குவிலில் மரியாதையான, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். பாட்டனின் பேர் கொக்குவில் கணக்கில் இல்லையே, மனைவி பிள்ளைகளெல்லாம் இருக்கிறார்களே என்று மாதக்கணக்காக என்னைக் குடைந்துகொண்டிருந்தார். என் திறமையில் சந்தேகம் என்று பிறரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறார். குடிசனக் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கெடுக்கும் இரவில் யார் எந்த வீட்டில் படுத்தாரோ அந்த வீட்டு ஆளாகத்தான் எண்ணுவார்கள். பாட்டன் அன்றிரவு இணுவிலில் ஒரு பெண்ணின் வீட்டில் படுத்திருந்தார். சும்மா விருந்தாளியாக அல்ல. விதானையார் நேர்மையான மனிதர், குடும்பத் தலைவர் என்றே எழுதியிருந்தார். அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

நானாக எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் அதிபரிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நீங்கள் நினைப்பீர்கள், பாட்டனில் கோபம் வந்திருக்கும், அந்த இணுவில் பிள்ளைகளும் தன் சொந்தமே என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார் என்று. அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் வேறு ஆளில்: "உந்த விதானைக்கு எண்ணுறதுக்கு வேறை நாள் கிடைக்கேல்லையோ?"

பக்கத்து வீட்டுப் பிள்ளை

அதே தாள் கட்டுக்குள் கனகலிங்கத்தின் வீட்டையும் கண்டுபிடித்தேன். சுதந்திரத்தை ஒட்டி எடுத்த கணக்கு. தகப்பன், தாய், பிறகு பிள்ளைகள் நால்வர். முதலாவது அன்னலட்சுமி, மகள், பள்ளிக்கூடம் போகிறாள் என்று பேனையால் அழுத்தமாக எழுதியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வரியைக் கண்டதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரு குடும்பமே சேர்ந்து மறைத்த பிள்ளையை உறவேதும் இல்லாத ஒரு விதானையார் எண்ணி வைத்திருக்கிறார்.

படத்தை ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். ரவீந்திரன் உடனே அழைத்தார். விதானையார் பிழையாக எழுதியிருப்பார் என்றார் முதலில். அவர் அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுத்தவர், இல்லாத பிள்ளையை எழுதி அவருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அப்படியானால் அன்றிரவு பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து படுத்திருக்கும், படுத்த இடத்தில்தானே எண்ணுவார்கள் என்றார். முதல் நாள் நான் வாய் சும்மா இராமல் அவருக்கு விளங்கப்படுத்திய வழக்கத்தை எனக்கே திருப்பி விற்றார்! பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 'மகள்' என்றா எழுதுவார்கள்? கத்திவிட்டேன். உங்கள் மாமி வட்டுக்கோட்டையில் முருங்கைக்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறார், வேண்டுமானால் மகளின் நம்பர் தருகிறேன், அழைத்துக் கதையுங்கள் என்றேன். ரவீந்திரன் உடனே வழிக்கு வந்தார். வம்சாவளியை நால்வரோடு வரைந்து தாருங்கள், அச்சகத்துக்குத் தானே அனுப்புவதாகச் சொன்னார். வைக்குமுன் என்னைச் சமாதானமும் செய்தார்: "ஆத்திரப்படாதையுங்கோ அக்கா. மாமியின்ரை பேர் கட்டாயம் வரும்."

அரசனுக்கு அயலட்டை

கல்வெட்டு அச்சில் இருந்த நாட்களில் இன்னொரு கூத்து. அவுஸ்திரேலியாவில் இருக்கும் பொறியியலாளர் ஒருவருக்குத் தன் வம்சம் நல்லூர் அரசனின் வம்சம் என்று உறுதிப்படுத்தித் தர வேண்டுமாம். தேடினேன். அவருடைய முன்னோர் புகையிலைத் தோட்டங்களில் துலா மிதித்து, விடிய முதல் தண்ணீர் இறைத்துக் கொடுத்து உயிர் வாழ்ந்தவர்கள். கௌரவமான உழைப்பு. இவருடைய படிப்பு அந்தத் துலாவிலிருந்து இறங்கி வந்ததுதான் என்று பெருமையாகவே எழுதி அனுப்பினேன். பெருமைப்பட ஆள் இல்லை. இங்கே ஒருவர் சொந்த இரத்தத்தை வெட்டி எறிகிறார், அங்கே மற்றவர் சம்பந்தமில்லாத அரசனை ஒட்டுப் போட்டுத் தரச் சொல்கிறார். இரண்டுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த குரல் கெஞ்சியது: "அரசற்றை மாளிகைக்குக் கிட்டடியிலை இருந்தவை எண்டாவது ஒரு வரி போடேலாதோ?"

கல்வெட்டு

அந்தியேட்டி முடிந்த மறுநாள் அச்சகத்துப் பையன் கல்வெட்டுகள் இரண்டை என் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். வழவழப்பான தாள், நல்ல அச்சு. வம்சாவளியை விரித்தேன். அன்னலட்சுமி இருந்தார், முதலாவதாகவே, நான் வரைந்த இடத்திலேயே. ஆனால் பேருக்கு முன்னால் நான் எழுதாத ஒரு சொல் இருந்தது. 'காலஞ்சென்ற அன்னலட்சுமி.' அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். ரொறன்ரோவிலிருந்து அப்படித்தான் வந்தது, ஊர் முழுக்கக் கொடுத்தும் ஆயிற்று என்றார்கள். இதை அந்த மனுசியிடம் எப்படிக் காட்டுவது? காட்டாமல் விட்டாலும் யாராவது காட்டத்தான் போகிறார்கள். ஒன்றைத் தூக்கிக்கொண்டு வட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

அன்னலட்சுமி முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒடிசலான மனுசி, கண் மட்டும் கூர்மை. வசந்தா முதலில் வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, ஆனால் ஒவ்வொன்றும் எனக்குச் சம்மதம். எனக்கும் அடங்கவில்லை. அங்கேயே நின்று ரவீந்திரனை வீடியோவில் அழைத்தேன். அங்கே காலை, மனிதர் சமையலறையில் நின்றார். இது என்ன அநியாயம் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. "உயிரோடை எண்டு போட்டால், பிறகேன் செத்தவீட்டுக்குச் சொல்லேல்லை எண்டு சனம் கேக்கும் அக்கா. இப்பிடிப் போட்டால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லைத்தானே. நீங்கள் கேட்ட மாதிரிப் பேரும் வந்திட்டுது" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அன்னலட்சுமி கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். முகத்துக்கு நேரே பிடித்து, திரையில் தெரிந்த முகத்தைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தார். "தம்பி, காலஞ்சென்ற அன்னலட்சுமி கதைக்கிறன். உனக்கு உன்ரை கொப்பரின்ரை மூக்கு. சாப்பிட்டியோ?" என்றார். திரையில் முகம் போய்ச் சமையலறைக் கூரை தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

பேப்பரில் மறுப்பு விளம்பரம் போடுவோம், இணுவில் வீட்டுக்கே கூட்டிப்போய் நிறுத்துவோம் என்று வசந்தா துள்ளினாள். நானும் அவள் பக்கம்தான், விளம்பரத்தை மனதுக்குள் எழுதவே தொடங்கிவிட்டேன். அன்னலட்சுமி எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வம்சாவளித் தாளை மடியில் விரித்து, தகப்பனின் பேரில் விரலை வைத்து, கோடு வழியே மெதுவாக இழுத்துக்கொண்டு தன் பேருக்கு வந்தார். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "அறுபது வருசமாய் என்னைப் பெறவேயில்லை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவங்கள், பிள்ளை. இப்ப செத்துப்போனாள் எண்டு எழுத வெளிக்கிட்டு, பிறந்தவள் எண்டு ஒத்துக்கொண்டிட்டாங்கள்."

முன்னோரைத் தேடித் தருகிறேன் என்று வாசலில் பலகை மாட்டி வைத்திருக்கிற எனக்கு இந்தத் தொழில் சொல்லித் தந்தது இவ்வளவுதான்: எங்கள் சனத்தின் வீட்டுக் கணக்கில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு அவள் செத்திருக்க வேண்டும், அதற்கு அவளுக்கு இன்னும் அவசரமில்லை என்றால் அவர்களே செலவழித்து அவளுடைய சாவை அச்சடித்துக்கொள்வார்கள்.